உப்புக்காற்றில் ஒரு பழைய கார்

பழைய கார் ஒன்றைப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து மீட்டெடுப்பது விடுமுறை நாட்களுக்கான பொழுதுபோக்கு என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் கடலை ஒட்டிய புதுச்சேரியைப் போன்ற ஊரில் அந்த வேலைக்கு முடிவு என்று ஒன்று இல்லை என்பதுதான் அதன் தனித்தன்மை. வண்ணம் பூசி முடித்த அன்றைக்கே உப்புக்காற்று தன் வேலையைத் தொடங்கிவிடுவதால், மீட்டெடுப்பு எங்கே முடிகிறது, பராமரிப்பு எங்கே தொடங்குகிறது என்று இவ்வூரில் கோடு கிழித்துக் காட்ட முடியாது. பத்து வயதில் போல்ட்டுகளை டப்பாவில் பிரித்துப் போட்ட பிள்ளை, கல்லூரி முடிக்கும் வயதிலும் அதே காரின் அடித்தகட்டைச் சோதித்துக்கொண்டிருக்க நேர்கிறது. ஒருவரது கைப்பழக்கம் மற்றவருக்குப் போய்ச் சேர்வதற்கு வேண்டிய ஆண்டுக்கணக்கான அவகாசத்தை, வேறு எந்தக் காரணத்தையும்விட, இந்தத் துருவே வாங்கித் தருகிறது எனலாம்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. கார் ஆர்வலர்கள் 'வின்டேஜ்' என்று வழங்குவது, பொதுவான மரபுப்படி, முதல் உலகப்போர் முடிந்த பின் 1919 முதல் 1930 வரை செய்யப்பட்ட வண்டிகளை. அதற்குப் பிற்பட்டவற்றில் பேணத் தகுந்தவை 'கிளாசிக்' எனப்படுகின்றன. 1966இல் பாரீசில் தொடங்கப்பட்ட பழம்வாகனங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபீவா, குறைந்தது 30 ஆண்டு பழையதாகவும், வரலாற்றுக்குப் பொருந்தும் நிலையில் பேணப்படுவதாகவும், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாததாகவும் உள்ள வண்டியையே வரலாற்று வாகனம் என ஏற்கிறது. இந்தியச் சட்டமோ முதற்பதிவிலிருந்து 50 ஆண்டைத் தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களை மட்டுமே 'வின்டேஜ்' என்கிறது. ஆகவே 1970இல் பதிவான ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு சட்டப்படி வின்டேஜ், ஆர்வலர் பேச்சில் கிளாசிக். 1985இன் பிரீமியர் பத்மினியோ ஃபீவாவின் கணக்கில் சேர்ந்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு வெறும் பழைய கார்தான்.

புதுச்சேரியில் பழைய கார் என்றதும் பிரெஞ்சுக் கார்களே நினைவுக்கு வருவது இயல்பு. சித்ரோயன் நிறுவனம் 1934இல் அறிமுகப்படுத்திய, முன்சக்கரங்களால் இழுக்கப்படும் 'திராக்சியோன் அவான்', 1948இல் உலகுக்குக் காட்டிய 'தெ-ஷெவோ' என்னும் எளிய வண்டி, பெழோவின் 203, ரெனோவின் 4சிவி ஆகியவை அக்காலப் பிரெஞ்சுத் தெருக்களின் அடையாளங்கள். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் கைமாறுவதற்கு முந்தைய சில ஆண்டுகளில் இந்தியாவின் இறக்குமதி விதிகள் புதுச்சேரியைக் கட்டுப்படுத்தவில்லை. எல்லைக்கு அப்பாலோ, நாட்டிற்குள்ளேயே கார் செய்யும் திட்டம் இல்லாத நிறுவனங்களுக்கு இடமில்லை என்ற 1953ஆம் ஆண்டுக் கொள்கையால், ஜெனரல் மோட்டார்சும் ஃபோர்டும் தங்கள் இந்தியக் கூடங்களை மூடிவிட்டுப் போயின. இன்றைய நடுத்தரக் குடும்பம் ஒன்றின் கைக்கு எட்டுவதோ, பெரும்பாலும், அந்தக் கொள்கையின் விளைவாக உருவான உள்நாட்டு மூவர்தான்: கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 2014 வரை செய்யப்பட்ட அம்பாசடர், பம்பாயின் குர்லாவில் ஃபியட் 1100ஐ அடிப்படையாகக் கொண்டு செய்யப்பட்ட பத்மினி, சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

இம்மூன்றில் பெற்றோரும் பிள்ளையும் கூடி வேலை செய்வதற்கு ஹெரால்டே மிகப் பொருத்தமானது என்பது இக்கட்டுரையின் துணிபு. அதன் காரணம் ஒரு தொழிற்போட்டியின் வரலாற்றில் இருக்கிறது. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனத்துக்குக் கூடுகளைச் செய்து தந்த ஆலையை 1950களில் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டதால், முழுக்கூட்டையும் ஒரே இடத்தில் உருவாக்க வழியின்றி, பல ஆலைகளில் தனித்தனியாகச் செய்த தகட்டுப் பகுதிகளைப் போல்ட் போட்டு இணைக்கும் முறைக்கு அது தள்ளப்பட்டது. அக்காலத்தில் மற்றக் கார்கள் அடிச்சட்டமும் கூடும் ஒன்றேயான 'மோனோகாக்' அமைப்புக்கு மாறிக்கொண்டிருந்தபோது, 1959இல் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோத்தியின் கைவண்ணத்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு, 'சேசிஸ்' எனப்படும் தனி அடிச்சட்டத்தின்மேல் உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு அது பின்னடைவு. இன்றைக்குக் காரைப் பிரித்துப் பார்க்க விரும்பும் சிறுவனுக்கோ சிறுமிக்கோ அதுவே வரம். பானெட்டும் முன்பக்கச் சிறகுகளும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாய்வதால், 948 சிசி இன்ஜினும் முன்சக்கரத் தொங்கமைப்பும் முழுமையாக வெளியே தெரிகின்றன. டயரின் மீது உட்கார்ந்தபடியே கார்புரேட்டரைக் கழற்றலாம். 1961 முதல் சென்னையில் செய்யப்பட்ட இக்காருக்குப் பின்னாளில் நான்கு கதவுகள் கொண்ட வடிவமும் வந்தது. அது இந்தியாவுக்கு மட்டுமே உரியது.

பிரித்துப் பார்ப்பதே படிப்பு என்ற எண்ணத்துக்குத் தமிழ்நாட்டில் முன்னோடி ஒருவர் உண்டு. 1893இல் கோயம்புத்தூரை அடுத்த கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு, இளமையில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, உணவு விடுதியில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதை வாங்கி, ஓட்டி மகிழ்வதோடு நில்லாமல் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மீண்டும் பூட்டிப் பார்த்தவர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கி, அதைப் பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்த்தார். அவர் மகன் ஜி.டி. கோபாலின் காலத்தில், 2015இல், கோவையில் திறக்கப்பட்ட ஜிடி கார் அருங்காட்சியகம், குடும்பம் திரட்டிய பழங்கார்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. குடும்பத்தின் ஆர்வம் நிறுவனமாகும் இதே போக்கை, ஏவி.எம். குடும்பத்தின் எம்.எஸ். குகன் திரட்டிய கார்களோடு 2023இல் சென்னை வடபழனியில் திறக்கப்பட்ட ஏவிஎம் பாரம்பரிய அருங்காட்சியகத்திலும் காணலாம். இவை வசதி படைத்தோரின் முயற்சிகள் என்பது உண்மைதான். ஆனால் நாயுடு முதன்முதலில் பிரித்த வண்டி, விடுதிக் கூலியில் வாங்கியது.

புதுச்சேரிக்கும் இவ்வகை மரபு அந்நியமன்று. பாரீசின் புகழ்பெற்ற எக்கோல் பொலித்தெக்னிக்கில் பயின்று 1925இல் இவ்வூருக்கு வந்த பிலிப் பார்பியே சேன்-திலேர், பவித்ரா என்ற பெயரோடு அரவிந்தர் ஆசிரமத்தில் தங்கி, அதன் இயந்திரப் பட்டறையைப் பொறுப்பேற்று நடத்தினார். பின்னாளில் ஆசிரமக் கல்வி மையத்தின் இயக்குநராகவும் விளங்கினார். ஒரே மனிதரிடம் பட்டறையும் பள்ளியும் வந்து சேர்ந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிட வேண்டியதில்லை.

மீட்டெடுப்பின் முதற்கட்டம் கழற்றுதல். பொறுமையற்றவர்கள் தோற்பதும் அங்கேதான். கழற்றுவதற்குமுன் ஒவ்வொரு பகுதியையும் படம் எடுப்பதும், கழற்றிய நட்டுகளைத் தனித்தனிப் பையில் இட்டு எங்கிருந்து வந்தவை என்று சீட்டு எழுதுவதும், வயர்களின் இரு முனைகளிலும் எண் ஒட்டுவதும் பிள்ளையின் பொறுப்பாக அமைவது வழக்கம். பார்வைக்கு இது எடுபிடி வேலை. உண்மையில் இரண்டு ஆண்டு கழித்து அந்தக் காரை மீண்டும் பூட்டும்போது அதிகாரம் முழுவதும் அந்தச் சீட்டுகளை எழுதியவரிடம் போய்விடுகிறது. "இது எங்க இருந்துச்சு பாப்பா?" என்று தந்தை கேட்டு நிற்க, நோட்டுப் புத்தகத்தைப் புரட்டி மகள் விடை சொல்லும் தலைகீழ் நிலை, பள்ளிக்கூடம் எதிலும் அவ்வளவு எளிதில் அமைவதில்லை.

கழற்றிய பின் எதிர்ப்படுவது துரு. இரும்பும் ஆக்சிஜனும் நீரும் சேர்ந்தால் துரு உண்டாகிறது என்பது பள்ளிப் பாடம். கடற்கரையில் அதன் வேகம் கூடுவது ஏன் என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது. அலை உடையும்போது காற்றில் கலக்கும் நுண்ணிய உப்புத்துளிகள் தகட்டின்மேல் படிந்து, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, மின்சாரம் கடத்தும் மெல்லிய நீர்ப்படலத்தை உண்டாக்குகின்றன. அப்படலத்தில் உள்ள குளோரைடு, உலோகத்தின் பாதுகாப்புப் படிவத்தை ஊடுருவி, ஒரே தகட்டில் ஓரிடம் கரைந்து மற்றோரிடம் தப்பும் சிறு சிறு மின்கலங்களை ஏற்படுத்துகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு கூடுதலான இடத்தை அடைப்பதால், மேலிருக்கும் வண்ணத்தைக் கொப்புளமாகத் தூக்கிக் காட்டுகிறது. காற்றிலுள்ள உப்பின் அளவு அலைக்கரையிலிருந்து உள்ளே செல்லச் செல்ல விரைந்து குறைவதால், துய்மா வீதியில் நிற்கும் காரும் வில்லியனூரில் நிற்கும் காரும் ஒரே வயதினவாயினும் ஒரே உடல்நிலையில் இருப்பதில்லை. உப்பின் வலிமைக்குச் சான்று தேடுவோர், 1866இல் கட்டப்பட்டு 1952 புயலில் அழிந்த பழைய துறைமுகப் பாலத்தின் எஞ்சிய இரும்புத் தூண்களைக் கடற்கரைச் சாலையிலிருந்து பார்க்கலாம். இவ்வகை அழிவையும் நாட்டளவில் ஆராயும், அழகப்பச் செட்டியாரின் கொடையால் காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இந்தியாவின் எந்தப் பகுதியில் உலோகம் எவ்வளவு விரைவாக அரிக்கப்படுகிறது என்பதைக் காட்டும் வரைபடத்தையே உருவாக்கியிருக்கிறது.

துருவைக் கண்டுபிடிக்கும் வேலையில் பிள்ளையின் கையில் இருக்க வேண்டிய கருவி ஒரு சாதாரணக் காந்தம். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவின் நடுப்பகுதியில் வைத்தால் 'டக்' என்று ஒட்டிக்கொள்கிறது. அப்படியே மெதுவாகக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டு வந்தால், கதவின் அடிவிளிம்புக்கு நான்கு விரல் மேலே அதன் பிடி தளர்கிறது. இன்னும் கீழே வந்ததும் கையை விட்டு நழுவித் தரையில் விழுகிறது. விழுந்த இடத்தில் இருப்பது தகடன்று, 'பட்டி' எனப்படும் பசை: துளை விழுந்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத்தகடு பற்றவைக்காமல், அதன்மேல் பசையை அப்பித் தேய்த்து வண்ணம் பூசி விற்ற முந்தைய கையின் சுவடு அது. சாக்பீஸால் அந்த எல்லையை வட்டமிட்டு, கார் முழுவதும் அவ்வாறே சோதித்து முடிக்கும்போது, பளபளப்பான வண்டியின்மேல் தீவுகளும் தீபகற்பங்களுமாக ஒரு நிலப்படம் விரிகிறது. ஹெரால்டில் கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் தகட்டுப் பெட்டி, அடிச்சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் தாங்குகைகள், டிக்கியின் தரை ஆகியவையே முதலில் போகும் இடங்கள். தாங்குகை போய்விட்டால் மேற்கூட்டைத் தாங்க ஒன்றும் இல்லை என்பதால், வாங்குமுன் காரின் அடியில் படுத்துப் பார்ப்பது, பேரம் பேசுவதைவிட முக்கியமானது.

சிறு பாகங்களின் துருவை நீக்கச் சமையலறைக்கு அருகிலேயே கிடைக்கும் வழிகள் சில உண்டு. சலவை சோடா கரைத்த நீரில் பாகத்தைத் தொங்கவிட்டு, அதை 12 வோல்ட் சார்ஜரின் எதிர்முனையிலும் வேறொரு பழைய இரும்புத் துண்டை நேர்முனையிலும் இணைத்தால், சில மணி நேரத்தில் துரு இளகிக் கறுப்புச் சேறாக உதிர்கிறது. அப்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால் திறந்தவெளியில் செய்ய வேண்டும், நேர்முனையில் எவர்சில்வரைப் பயன்படுத்தினால் நச்சுத்தன்மையுள்ள குரோமியம் நீரில் கலக்கும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். கடைகளில் 'ரஸ்ட் கன்வெர்ட்டர்' என்று விற்கும் திரவங்களில் பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ இருக்கிறது. பின்னது துருவோடு கூடிக் கருநீலப் படிவமாக மாறி உலோகத்தை மூடுகிறது. கடுக்காயில் நிறைந்திருப்பதும் அதே டானின்தான். துருப்பிடித்த ஆணியொன்றைக் கடுக்காய்க் கஷாயத்தில் ஊறப்போட்டால் அது கன்னங்கரேலென்று மாறுவதைக் காணும் பிள்ளைக்கு, பழங்காலத்தில் கடுக்காயையும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பையும் சேர்த்து மை காய்ச்சியதன் வேதியியலும் விளங்கிவிடுகிறது.

தகட்டைத் தட்டி நேராக்கும் 'டிங்கரிங்' வேலையும் வெல்டிங்கும் பழகிய கைகளுக்கு உரியவை. இவற்றை வீட்டிலேயே செய்துவிடலாம் என்று நம்புவது பெரும்பாலும் தகட்டை வீணாக்குவதில்தான் முடியும். எனவே புதுச்சேரிக் குடும்பங்கள் இக்கட்டத்தில் மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளின் பட்டறைகளை நாட வேண்டியிருக்கிறது. அங்கே கார்ப்பரேட் சர்வீஸ் நிலையங்கள் மறந்துவிட்ட வித்தைகளைத் தெரிந்த வயதான மேஸ்திரிகள் அருகிக்கொண்டு வருகின்றனர் என்பது கவலைக்குரிய செய்தி. உதிரி பாகத்துக்கு வேட்டை நடத்தும் இடங்கள் வேறு: ஞாயிற்றுக்கிழமைகளில் மகாத்மா காந்தி வீதியை அடைத்துக்கொண்டு விரியும் சந்தையில் பழைய ஸ்பானரோ விளக்குக் கண்ணாடியோ தட்டுப்படலாம், இன்ஜின், கியர்பாக்ஸ் போன்ற பெரியவற்றுக்குச் சென்னை எழும்பூரை அடுத்த புதுப்பேட்டையே கதி. பிரெஞ்சுக் கார் வைத்திருப்போருக்கு இதில் ஒரு விசித்திரமான வசதி உண்டு. தெ-ஷெவோ போன்றவற்றுக்கு இன்றும் பிரான்சில் புதிய பாகங்கள் செய்து விற்கப்படுவதால், பாரீசிலிருந்து பொங்கலுக்கு வரும் உறவினரின் பெட்டியில் ஒரு கேஸ்கட் செட்டுக்கு இடம் பிடித்துவிட்டால் போதும்.

இன்ஜினுக்கு உயிர் வரும் கட்டத்தில் பிள்ளைக்கு மிகுந்த வியப்பைத் தருவது தீப்பொறியின் கதை. இக்காலக் கார்களில் அது கணினியின் வேலை, கண்ணுக்குத் தெரியாது; 1960களின் காரில் அது 'பாயிண்ட்' எனப்படும் இரண்டு சிறு உலோகப் பொட்டுகளின் வேலை. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலின் வழியே மின்சாரம் பாய்ந்து காந்தப்புலம் உண்டாகிறது. பாயிண்ட் திறந்த கணத்தில் அப்புலம் சரிந்து, 12 வோல்ட் பல்லாயிரம் வோல்ட்டாக எகிறி, பிளக்கின் நுனியில் பொறியாகக் குதிக்கிறது. நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3000 முறை சுழன்றால் பாயிண்ட் நொடிக்கு 100 முறை திறந்து மூட வேண்டும். அந்தத் திறப்பின் அளவு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு, அதாவது ஏறத்தாழ 0.38 மில்லிமீட்டர்; அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்றைப் பட்டறைப் பேச்சில் 'தௌ' என்பர். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, டாப் கியரில் போட்டு, தந்தையோ தாயோ வண்டியைப் பின்னாலிருந்து விரல்கடை தூரம் தள்ள, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் நான்முனைக் கேம் மெல்லத் திரும்பிப் பாயிண்டை முழுவதும் திறக்கும் இடம் வந்ததும் பிள்ளை நிறுத்தச் சொல்ல வேண்டும். 15 தௌ தடிமனுள்ள ஃபீலர் கேஜ் இலையை இடைவெளியில் செருகினால், அது தளர்வாகவும் போகக் கூடாது, இறுகவும் கூடாது. வெண்ணெய்க்குள் இழுத்த கத்தியைப் போல் சிறு தடையோடு நகர வேண்டும். அந்தத் தடையின் அளவை எந்தப் புத்தகமும் எழுதிக்காட்ட முடியாது என்பதால், பெரியவர் தம் விரல்களை விலக்கிக்கொண்டு பிள்ளையின் விரல்களை அங்கே வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கார் என்ற ஒன்று பிறந்த காலத்திலேயே அதன் பழுது பார்ப்பு ஒரு குடும்ப வேலையாகத்தான் தொடங்கியது என்பதையும் இங்கே நினைவுகூரலாம். 1888 ஆகஸ்டில், கார்ல் பென்சின் மனைவி பெர்த்தா பென்ஸ், 15 வயது ஓய்கனையும் 13 வயது ரிச்சர்டையும் அழைத்துக்கொண்டு, கணவருக்குத் தெரிவிக்காமல், அவர் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியில் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய பயணத்தை மேற்கொண்டார். அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்தித் திறந்தார். வீஸ்லோக் ஊர் மருந்துக்கடையில் துணி வெளுக்கும் லிக்ராயினை வாங்கி எரிபொருளாக ஊற்றினார். தேய்ந்த பிரேக் கட்டைக்குச் செருப்புத் தொழிலாளியிடம் தோல் அடித்துக்கொண்டார். மேடுகளில் மகன்கள் இறங்கித் தள்ளினர். உலகின் முதல் நெடுந்தூர மோட்டார் பயணமே தாயும் பிள்ளைகளுமாக வழியெல்லாம் ரிப்பேர் பார்த்துக்கொண்டு போனதுதான் என்றிருக்க, பட்டறையை ஆண்களின் இடமாகவே நம் ஊர்கள் எண்ணிக்கொண்டிருப்பதற்குக் காரணம் ஏதும் இல்லை.

அக்கால இன்ஜினுக்கு இக்கால எரிபொருள் ஒத்துக்கொள்வதில்லை என்பது பலரும் தாமதமாகவே அறியும் சிக்கல். முன்பு பெட்ரோலில் கலந்த ஈயம், வால்வுகள் மோதி அமரும் வார்ப்பிரும்பு இருக்கைகளைத் தேயாமல் காத்தது. 2000ஆம் ஆண்டோடு இந்தியாவில் ஈயப் பெட்ரோல் ஒழிந்ததால், ஹெட்டைக் கழற்றும்போதே கடினப்படுத்திய இருக்கை வளையங்களை லேத்துப் பட்டறையில் பொருத்திக்கொள்வது அறிவுடைமை. 2023இல் அறிமுகமாகிப் பின்னர் நாடெங்கும் பரவிய 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் குழாய்களையும் தக்கை கேஸ்கட்டுகளையும் இளக்கிவிடுவதோடு, காற்றின் ஈரத்தையும் ஈர்த்துக்கொள்வதால், ஓடாமல் நிற்கும் காரின் டேங்கில் உள்ளிருந்தே துரு ஏற வழி செய்கிறது. பழைய குழாய்களை மாற்றாமல் இன்ஜினை மட்டும் மெருகேற்றி வைப்பது தீவிபத்துக்கு அழைப்பு விடுப்பதற்கு ஒப்பாகும். பிரேக்கில் சிக்கனம் கூடாது என்பதையும் தனியே சொல்ல வேண்டும். மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வாஷர்கள் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றப்பட வேண்டியவையே.

பிள்ளையைச் சேர்க்காமல் விலக்கி வைக்க வேண்டிய வேலைகளும் சில உள்ளன. அக்கால வண்ணங்களில் ஈயம் இருந்திருக்கக்கூடும் என்பதால், அவற்றை உலர்ந்த எமரித்தாளால் தேய்த்துக் கிளப்பும் தூசி, வளரும் மூளைக்குப் பெருங்கேடு; நனைத்துத் தேய்ப்பதையும் பெரியவரே முகமூடி அணிந்து செய்ய வேண்டும். பழைய பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் தட்டிலும் கல்நார் இருந்ததால், அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதும் பட்டறைப் பழக்கம் எவருக்குமே ஆகாது. ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் காரின் அடியில் நுழையாதபடி இரும்புத் தாங்கிகளை நிறுத்துவது, வேலையின் முதல் நாளே கற்பிக்க வேண்டிய பழக்கம்.

பெற்றோருக்கும் பிள்ளைக்கும் உண்மையான பூசல் மூள்வது, எவ்வளவு தூரம் புதுப்பிப்பது என்ற கேள்வியில்தான். பெரும்பாலும் பெரியவருக்குத் தம் இளமையில் கண்ட காரைப் போலவே பளிச்சென்று வேண்டும். பிள்ளைக்கோ அலாய் சக்கரமும் புளூடூத் பாட்டும் வேண்டும். அல்லது, அண்மைக் காலத்தில், மங்கிய வண்ணமும் தேய்ந்த இருக்கையும் அப்படியே இருக்க வேண்டும் என்று பிள்ளையே அடம்பிடிப்பதும் உண்டு. கட்டடக் கலைக்கு 1964இன் வெனிஸ் சாசனம் வகுத்த நெறியைப் பின்பற்றி ஃபீவா உருவாக்கிய டூரின் சாசனம், எஞ்சியிருப்பதைப் பேணுவதே முதன்மை, இல்லாததைப் புதிதாகச் செய்து சேர்ப்பது இறுதி வழி, சேர்த்ததை அடையாளம் காணும்படி வைக்க வேண்டும் என்ற நிலையை எடுக்கிறது. இதைப் புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வெளியூர் எடுத்துக்காட்டு தேவையில்லை. தெருவோரத் திண்ணையும் தாழ்வாரமுமாகத் தமிழர் வீடுகள் வரிசையாய் நிற்கும் வைசியாள் வீதியை இன்டாக் என்னும் மரபுப் பாதுகாப்பு அமைப்பும் அரசும் சேர்ந்து மீட்டபோது இதே கேள்விதான் எழுந்தது. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது அந்தப் பணிக்குக் கிடைத்தது. பளபளப்பாக்கிய கார் முதல் ஆண்டு மட்டுமே அழகாகத் தெரியும். ஆலையின் மூல வண்ணத்தில் கையகலம் ஓரிடத்திலாவது விட்டுவைத்த காரோ எத்தனை ஆண்டு சென்றாலும் பேசிக்கொண்டிருக்கும் என்பதால், இந்த வழக்கில் அடம்பிடிக்கும் பிள்ளையின் பக்கம் தீர்ப்புச் சொல்வதே நியாயம்.

தாள்களைப் பற்றிய வேலை சுருக்கமானதுதான். 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, 50 ஆண்டு கடந்து, அடிச்சட்டம், கூடு, இன்ஜின் ஆகியவை பெரிதும் மாற்றப்படாத வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டணத்தில் பத்தாண்டுக்கான வின்டேஜ் பதிவு வழங்கப்படுகிறது. புதுச்சேரியில் அந்த எண் 'பிஒய் விஏ' எனத் தொடங்கும். ஏற்கெனவே பதிவுள்ள வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் வின்டேஜ் பதிவு பெற்றபின் கண்காட்சி, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே அது சாலையில் ஓடலாம், காய்கறி வாங்கப் போகக் கூடாது. அவ்வப்போது குடும்பத்தோடு ஓட்ட விரும்புவோர் வழக்கமான பதிவையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்வது மேல். இத்தனை உழைத்த பிள்ளைக்கு ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கும் ஆசை வருவது இயற்கை. 18 வயது நிரம்பாதவர் ஓட்டினால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும், வண்டியின் பதிவு ஓராண்டு ரத்தாவதும் 2019 திருத்தச் சட்டத்தில் உண்டு என்பதால், அந்த ஆசை வீட்டு வாசலோடு நிற்பது நல்லது.

கார் ஓடத் தொடங்கிய பின் புதுச்சேரியில் எஞ்சுவது ஆண்டுதோறும் திரும்பி வரும் ஒரு சிறு கடமை. கதவுக் கண்ணாடியின் வழியே உள்ளிறங்கும் மழைநீர் வெளியேறுவதற்கென்று ஒவ்வொரு கதவின் அடிவிளிம்பிலும் சிறு துளைகள் உண்டு. கடற்கரை மணலும் வேப்பம்பூவும் சேர்ந்து அவற்றை அடைத்துவிட்டால், கதவுக்குள் தேங்கும் நீர் உப்போடு கூடித் தகட்டை உள்ளிருந்தே தின்னும். ஐப்பசி அடைமழைக்கு முன் ஒரு ஞாயிறு காலையில், சக்கர வளைவுகளின் உட்புறத்தை நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குச்சியால் அந்தத் துளைகளை ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்து, உள்ளே தங்கிய நீர் கறுப்பாக வடிந்து தெளியும் வரை காத்திருந்து, பிறகு அதே காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவின் மேலிருந்து கீழே மறுபடியும் இழுத்துப் பார்க்க வேண்டும்.